மொட்டை மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கா?

வீட்டுச் சுவத்துல தொங்குற தினசரி காலண்டரை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. அது எங்க சிவகாசி சரக்கா இருக்க நிறைய சான்ஸ் உண்டு. ஆடிப் பதினெட்டுக்கே அடுத்த வருஷ ஆல்பம் வெளியிட்டு ஆர்டர் பிடிக்க ஆரம்பிச்சுடுவாங்க. சாமி படம், குழந்தை படம், கட்சித் தலைவர் படம்... கூடவே நாளுக்கு ஒரு பைபிள் வசனம் போட்ட காலண்டரும் அச்சாகும். யோசிச்சுப் பாருங்க பாஸ், அடுத்த வருஷம் டிசம்பர்ல ஒரு செவ்வாய்க்கிழமை உங்களுக்கு என்ன ஆறுதல் வரப்போகுதுன்னு பிரஸ்ல நிக்கிற மிஷின்மேனுக்கு இப்பவே தெரியும்!

காலண்டரும் எங்க சரக்கு, பன்னெண்டு மணிக்கு வெடிக்கிற வெடியும் எங்க சரக்கு. ஆக, உங்க புது வருஷம் பிறக்கிறதே விருதுநகர் மாவட்டத்துலதான்.

டிசம்பர் 31 ராத்திரி இங்க சர்ச் பக்கம் வந்து பாருங்க. புதுத்துணி, மல்லிகைப்பூ, தூங்கி விழுற வாண்டுகள். சரியா பன்னெண்டுக்கு மணி அடிச்சதும் வெளியே சரமாரியா சத்தம். அப்புறம்தான் மெயின் மேட்டர். ஒரு தட்டு நிறைய வாக்குத்தத்த வசனக் கார்டுகள். ஆளுக்கு ஒண்ணு எடுக்கணும். இந்த வருஷம் கடவுள் உனக்குத் தர்ற வாக்கு அதுதான். ரிசல்ட் நோட்டீஸ் போர்டு முன்னாடி நிக்கிற அதே முகம்தான் எல்லாருக்கும். அரியர் வெச்சிருக்கிற நம்மாளு ஒருத்தன் ரெண்டு எடுப்பான். யாரும் கண்டுக்க மாட்டாங்க.

இப்படி வசனத்தைக் குலுக்கி எடுக்கிற பழக்கத்துக்குப் பெரிய ஃபிளாஷ்பேக் உண்டு. ஜெர்மனியில ஹெர்ன்ஹுட்ங்கிற கிராமத்துல, மொரேவியன் சபைக்காரங்க 1728-ல நாளுக்கு ஒரு வசனம்னு ஆரம்பிச்சாங்க. 1731-ல இருந்து அது சீட்டுப் போட்டு எடுத்த வசனங்களோட வருஷாவருஷம் புத்தகமா வருது. அந்த மொரேவியன்கள் 1760-ல நம்ம தரங்கம்பாடிக்கும் வந்து, நாப்பது வருஷத்துக்கு மேல இருந்துட்டுப் போனாங்க.

சரி, ஜனவரி 1-க்கு எங்க ஊர்ல இன்னொரு ஞாபகமும் இருக்கு. 2022 ஜனவரி 1 காலையில களத்தூர் கிராமத்துல ஒரு பட்டாசு ஆலை வெடிச்சுக் குறைஞ்சது நாலு பேர் செத்துப் போனாங்க. முந்தின ராத்திரி 'ஹேப்பி நியூ இயர்' சொன்ன வாய் இன்னும் மூடலை. 2025-ல ஜனவரி 4, சாத்தூர் பக்கத்துல ஆறு பேர். பெரிய பெரிய விபத்துகளை நான் இங்க சொல்லவே இல்லை. 2012 செப்டம்பர்ல முதலிப்பட்டியில மட்டும் 38 பேர்.

காரணங்களும் புதுசு இல்ல. மருந்து கலக்கும்போது உராய்வு. ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல கூடாதுன்னு ரூல் இருக்க, அஞ்சு, ஆறு பேர். லைசென்ஸ் ஒருத்தர் பேர்ல, ரூமை உள்குத்தகைக்கு எடுத்து ஓட்டுறது வேற ஒருத்தர். இதெல்லாம் எங்க பக்கம் டீக்கடையில பேசுற பாடம்.

கார்டுல இருக்கிறது கடவுள் தர்ற வாக்கு. நாம தர்ற வாக்கு எங்கே? அதுக்கும் ஒரு ஆராதனை இருக்கு மக்கா. 1755 ஆகஸ்ட்ல லண்டன்ல ஜான் வெஸ்லி ஆரம்பிச்ச உடன்படிக்கை ஆராதனை. இனி நான் என் இஷ்டத்துக்கு இல்லைன்னு எல்லாரும் சேர்ந்து சொல்றது. மெத்தடிஸ்ட்டுகளும் சேர்ந்து 1947-ல சி.எஸ்.ஐ. ஆனப்போ, இதுவும் கூடவே வந்துடுச்சு. நிறைய சபைகள்ல புத்தாண்டை ஒட்டி இப்பவும் நடக்குது. ஆனா கார்டுக்கு இருக்கிற கூட்டம் இதுக்கு இல்லை. வாங்குறதுன்னா வரிசையில நிப்போம், குடுக்கிறதுன்னா நைஸா நழுவிடுவோம்!

உபாகமம் 22-ம் அதிகாரம் எட்டாவது வசனம் தெரியுமா? விஷயம் இதுதான்: புது வீடு கட்டினா மொட்டை மாடியைச் சுத்திக் கைப்பிடிச் சுவர் வை. வைக்காம யாராவது விழுந்தா அந்த ரத்தப்பழி உன் வீட்டு மேல. சிவில் பசங்களா, உங்க பேரபெட் வால் பைபிள்லயே இருக்கு! எந்தத் தட்டுலயும் இந்த வசனம் வந்து நான் பார்த்ததில்லை. வந்தாலும் திருப்பிப் போட்டுட்டு வேற எடுப்போம். எனக்கென்னவோ, எங்க ஏரியாவுக்குன்னே எழுதின வசனம் மாதிரி இருக்கு.

டிசம்பர்ல இருந்து சுவர் பூரா எழுப்புதல் கூட்ட போஸ்டர். அந்த வார்த்தை இந்தக் கரிசல் மண்ணுக்குப் பழசுதான். பட்டாசும் தீப்பெட்டியும் வர்றதுக்கு முன்னாடியே, 1854-ல, ராக்லண்ட்னு ஒரு கேம்பிரிட்ஜ் ஃபெலோ வந்தார். பெரிய பங்களா கட்டிக்கல. கூடாரம் அடிச்சு ஊர் ஊராப் போனார். 1858 அக்டோபர்ல சிவகாசியிலயே இறந்து போனார். அவரைத் தேடி ஜனங்க போகலை, ஜனங்க இருந்த இடத்துக்கு அவர் போனார். எழுப்புதல் வந்துச்சா இல்லையான்னு மைக் செட் முன்னாடி நின்னு தெரியாது. மருந்து ரூம்ல எத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்கன்னு எண்ணிப் பார்த்தா தெரியும்.

என் கிளாஸ்மேட் ஒருத்தனோட அம்மா பதினஞ்சு வருஷமா பட்டாசு வேலைக்குப் போறவங்க. குழாய்க்கு மருந்து செலுத்துற வேலை, பீஸ் ரேட் கூலி. புத்தாண்டு ஆராதனை முடிஞ்சு வந்ததும் ஒரு முடிவு எடுத்திருக்காங்க. ரூமுக்குள்ள அஞ்சாவது ஆள் வந்து உட்கார்ந்தா இவங்க எழுந்து வெளியே வந்துடுவாங்க. அவ்வளவுதான், ஒரே ஒரு தீர்மானம். எழுந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

முதல் வாரமே எழுந்துட்டாங்க. "என்னக்கா, புதுசா ரூல் எல்லாம் பேசுறீங்க?"ன்னு போர்மேன் கேட்டாராம்.

"புது வருஷம்ல தம்பி"ன்னு சொல்லிட்டு வேப்பமரத்தடியில போய் நின்னிருக்காங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு அஞ்சாவதா வந்த பொண்ணை அடுத்த ரூமுக்கு மாத்தினாங்களாம். அந்த வாரக் கூலியில அறுபது ரூபாய் குறைஞ்சுதுன்னு கிளாஸ்மேட் சொன்னான். அடுத்த வாரம் ரெண்டு தடவை எழுந்திருக்காங்க.