முன்னறிதலே முதற்கவசம்

காலை ஒன்பது மணியளவில் நம் கல்லூரி வாயிலில் நின்று நோக்குவார்க்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். இருவர் அமர வேண்டிய வண்டியில் மூவர் அமர்ந்து வருவர். தலைக்கவசம் தலையில் இராது. பெட்ரோல் தொட்டியின் மேலோ முழங்கையிலோ கிடக்கும். வாயிற்காவலரைத் தொலைவில் கண்டவுடன் மூன்றாமவர் இறங்கிக்கொள்வார். கவசம் தலைக்கு ஏறும். மாலையில் அவரைக் கடந்து சென்றதும் பழைய நிலை திரும்பும். காவலருக்கு அஞ்சுகின்ற இளைஞர் சாலைக்கு அஞ்சுவதில்லை. இம்முரண்பாடே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

தமிழ்த்துறை மலரில் மோட்டார் சைக்கிளுக்கு என்ன இடம் என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆயினும் ஆண்டுதோறும் நாம் வகுப்பறையில் பொருட்பாலை நடத்துகின்றோம். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 47 முதல் 50 வரையுள்ள நான்கு அதிகாரங்களையும் சொல்லுக்குச் சொல் விளக்குகின்றோம். இவை வினைமேற் செல்லும் மன்னனுக்கு உரைக்கப்பட்டவை என்று கூறி, தேர்வுக்கு உரிய வினாக்களையும் குறித்துக்கொடுத்து முடித்துவிடுகின்றோம். மணி அடித்ததும் அதே மாணவர் வண்டியை உதைத்துக் கிளப்பி, லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் இடையே புகுந்து செல்கின்றார். வலியும் காலமும் இடனும் அறிய வேண்டிய களம் அதுவே என்பதை நாம் அவருக்குச் சொல்வதில்லை.

இதனை நான் உணர்ந்தது நூலறிவால் அன்று; ஒரு மாணவர் பட்ட துன்பத்தால். சில ஆண்டுகளுக்கு முன்னர் இளங்கலை இரண்டாமாண்டில் பயின்றவர் அவர். முதல் மணி வகுப்பு என்னுடையது. மணி அடித்து ஐந்து நிமிடம் கடந்து வருவோரை நான் உள்ளே விடுவதில்லை. அதனை ஒழுங்கு என்று கருதிப் பெருமையும் கொண்டிருந்தேன். ஒருநாள் காலை அவர் வரவில்லை. நண்பகலில் செய்தி வந்தது. நிறுத்தத்தில் நின்றிருந்த நகரப் பேருந்து ஒன்றை அவர் வலப்புறமாகக் கடந்திருக்கின்றார். பேருந்தின் முகப்பை ஒட்டி ஒரு மூதாட்டி சாலையைக் கடக்க வெளிப்பட்டிருக்கின்றார். பின்சக்கரத் தடையை மட்டும் இவர் ஓங்கி மிதிக்க, வண்டி சறுக்கி விழுந்தது. மூதாட்டி தப்பினார், மாணவரின் தொடையெலும்பு முறிந்தது. ஓராண்டுப் படிப்பு போயிற்று. நடையில் இன்றும் ஒரு சாய்வு இருக்கின்றது.

மருத்துவமனையில் அவரைப் பார்த்தபோது அவர் கூறிய சொற்கள் இன்னும் என் செவியில் ஒலிக்கின்றன. "ஐயா, பேருந்தைப் பார்த்தேன், அது நின்றதும் தெரிந்தது. அதற்கு முன்னால் யாராவது இருப்பார்கள் என்றுதான் நினைக்கவில்லை" என்றார். சற்றுப் பொறுத்து, "நேரமாகிவிட்டது ஐயா" என்றும் சொன்னார். முதல் வாக்கியம் அவருடைய பிழையைக் காட்டியது. இரண்டாம் வாக்கியம் என்னுடைய பிழையைக் காட்டியது.

பார்ப்பது வேறு, முன்னறிவது வேறு. கண்ணுக்குத் தெரிவதைப் பார்ப்பது எவர்க்கும் இயலும். தெரியும் ஒன்றிலிருந்து தெரியாத ஒன்றை உய்த்துணர்வதே வண்டியோட்டுவார்க்கு வேண்டிய அறிவு. நின்ற பேருந்து என்பது அதன் மறைவிலிருந்து வெளிப்படப்போகும் மனிதர் என்று பொருள்படும். சாலையோரம் நிறுத்திய காருக்குள் தலை ஒன்று தெரிந்தால், கதவு திறக்கப்போகின்றது என்று கொள்ளவேண்டும். பந்து உருண்டு வந்தால் பின்னே குழந்தை வரும். ஓர் ஆடு சாலையைக் கடந்தால் மந்தையே தொடரும். லாரியின் பக்கக் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் நமக்குத் தெரியவில்லையாயின், அவருக்கு நாம் தெரியவில்லை என்பது உறுதி. இலக்கணத்தில் குறிப்புப் பொருள் கற்கும் மாணவர்க்குச் சாலையின் குறிப்புப் பொருள் விளங்காமற் போவானேன்?

இனி அவ்வதிகாரங்களின் வழியே சிறிது எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, வலியறிதல். செயலின் வலி, தன் வலி, மாற்றான் வலி, துணையின் வலி என வள்ளுவர் நான்கனை எண்ணிப் பார்க்கச் சொல்கின்றார். சாலையில் செயலின் வலி வேகம். வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும் என்பது இயற்பியல் துறையார் நன்கறிந்தது. தன் வலி என்பது தேய்ந்த டயரும், தளர்ந்த பிரேக்கும், உறங்காத இரவும் ஆகும். முன்சக்கரத் தடையைத் தொட்டால் கவிழ்ந்துவிடுவோம் என்றோர் அச்சம் நம் மாணவரிடையே உண்டு. வண்டி வேகம் குறையும்போது எடை முன்னோக்கிச் சாய்வதால், நேர்ச்சாலையில் பெரும்பாலான நிறுத்தாற்றல் முன்சக்கரத்திற்கே உரியது. இரண்டையும் சேர்த்து, முன்தடையைப் படிப்படியாக அழுத்தப் பழகியிருந்தால் அம்மாணவர் விழாதிருந்திருக்கலாம். மாற்றான் வலி லாரியின் எடை. துணை வலி பின்னே அமர்ந்திருப்பவர். இருவர் ஏறினால் வண்டி நிற்கும் முறையே மாறிவிடுகின்றது.

இரண்டாவது, காலமறிதல். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கின்றது. இடரைக் கண்டு, உணர்ந்து, கை தடையை அழுத்துவதற்கு ஒன்றரை வினாடி ஆகுமெனக் கொண்டால், வண்டி வேகம் குறையத் தொடங்குமுன்னரே 25 மீட்டர் போய்விடும். பின்னர் நிற்பதற்கு நல்ல சாலையிலும் 20 மீட்டருக்கு மேல் வேண்டும். 30 கிலோமீட்டர் வேகத்திலோ எல்லாம் சேர்ந்து 20 மீட்டருக்குள் அடங்கிவிடும். முன்செல்லும் வண்டி ஒரு கம்பத்தைக் கடந்தபின், நாம் அக்கம்பத்தை அடைய இரண்டு வினாடியேனும் ஆகும்படி இடைவெளி விடுதல் வேண்டும். மழையில் அதனை இரட்டிப்பாக்குதல் வேண்டும். பல நாள் வெயிலுக்குப்பின் பெய்யும் முதல் மழை, படிந்த எண்ணெயையும் புழுதியையும் குழைத்துச் சாலையை வழுக்கவைக்கும். அந்தி மயங்கும் பொழுதில் பின்விளக்கில்லாத டிராக்டர் சாலையின் நிறத்தோடு கலந்துவிடும். பள்ளி விடும் நேரமும் தனித்த எச்சரிக்கைக்கு உரியது.

மூன்றாவது, இடனறிதல். வளைவில் சிந்திக்கிடக்கும் மணல், சாலையில் உலர்த்திய நெல், வண்ணம் பூசாத வேகத்தடை, நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் உள்ள திறப்பு, அதன் வழியே எதிர்த்திசையில் வரும் வண்டி ஆகிய ஒவ்வொன்றும் நமக்குப் பழகிய இடங்களே. பழகியமையாலேயே மறந்துவிடுகின்றோம். அரேபியாவின் லாரன்ஸ் என்று உலகம் அறிந்த டி. இ. லாரன்ஸ் பாலைவனப் போரில் உயிர் தப்பியவர். அவர் 1935 மே மாதத்தில், இங்கிலாந்தின் டார்செட் பகுதியில், தம் வீட்டருகே அன்றாடம் சென்றுவந்த சாலையில் விழுந்து, ஆறு நாளில் மாண்டார். சாலையின் ஒரு தாழ்வு, முன்னே மிதிவண்டியில் சென்ற இரு சிறுவரை அவர் கண்ணுக்கு மறைத்துவிட்டது. போர்க்களத்தில் பிழைத்தவரைப் பழகிய சாலையின் பள்ளம் கொண்டுபோயிற்று. அவருக்கு மருத்துவம் செய்தோருள் ஒருவரான ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவர், அதன்பின் இராணுவ மோட்டார் சைக்கிள் ஓட்டுவோரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் தேவையை 1941-இல் மெய்ப்பித்துக் காட்டினார். நாம் இன்று முழங்கையில் மாட்டிச் செல்லும் பொருளுக்குப் பின்னே இத்தகைய வரலாறு இருக்கின்றது.

"நான் சரியாகத்தான் ஓட்டினேன், தவறு அவருடையது" என்று பலர் கூறக் கேட்கின்றோம். அது உண்மையாகவும் இருக்கலாம். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நிகழ்விடத்திலேயே ஆராய்ந்து 1981-இல் வெளியான ஹர்ட் அறிக்கை, பிற வண்டியோடு மோதிய விபத்துகளுள் மூன்றில் இரு பங்கில் வழிவிடத் தவறியவர் அப்பிற வண்டியை ஓட்டியவரே என்று கண்டது. மோட்டார் சைக்கிளை அவர்கள் பார்க்கவேயில்லை, அல்லது காலங்கடந்து பார்த்தனர். இடரிலிருந்து விலக ஓட்டுவார்க்குக் கிடைத்த நேரமோ பெரும்பாலும் இரண்டு வினாடிக்கும் குறைவு. நியாயம் நம் பக்கம் இருப்பது நீதிமன்றத்தில் உதவும். இரும்புக்கு முன் உதவாது. என்னை எவரும் பார்க்கவில்லை என்று கொண்டு ஓட்டுவதே அறிவுடைமை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவருள் நூற்றுக்கு நாற்பத்து நால்வருக்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றோர். அவ்வாண்டில் தலைக்கவசம் அணியாமல் மாண்டவர் மட்டும் ஐம்பதாயிரம் பேர். எண்கள் பெரியனவாகும்போது மனம் மரத்துப்போகின்றது. ஆகவேதான் ஒரே ஒரு மாணவரின் தொடையெலும்பைக் கொண்டு இக்கட்டுரையைத் தொடங்கினேன்.

நம் பெரியோர்க்கு ஒன்று பணிவுடன் கூற விரும்புகின்றேன். அம்மாணவரைக் காணவந்த உறவினர் பலரும், "விதி, என்ன செய்வது" என்றே ஆறுதல் கூறினர். துயருற்றார்க்கு அஃது ஆறுதல்தான்; மறுப்பதற்கில்லை. ஆனால் துயர் நேருமுன் அதே சொல்லைக் கூறுவது சோம்பலாகும். ஒட்டகத்தைக் கட்டிய பின்னரே இறைவனிடம் பொறுப்பை ஒப்படைக்குமாறு அறிவுறுத்தும் நபிமொழியை அறியாதவர் நம்மிடையே இலர். கவசத்தின் பட்டையை இறுகக் கட்டுவதும் ஒட்டகத்தைக் கட்டுவதே. பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதற்குப் பரிசாகப் பதினேழு வயதுப் பிள்ளைக்குப் பெரிய வண்டி வாங்கிக்கொடுப்பது அன்பன்று. சிறார் ஓட்டி நேரும் குற்றத்திற்குப் பெற்றோரை மூன்றாண்டுவரை சிறையிடவும், 25,000 ரூபாய் தண்டம் விதிக்கவும் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் இடமளிக்கின்றது. சட்டத்திற்கு அஞ்சியேனும் ஓராண்டு பொறுத்திருத்தல் நன்று.

ஓட்டுநர் உரிமம் பெற நம்மவர் எட்டு வடிவத்தில் வண்டியை ஓட்டிக் காட்டுகின்றனர். கால் ஊன்றாமல் சுற்றிவந்தால் உரிமம் கிடைக்கும். எட்டுப் போடுதல் உடலின் சமநிலையை அளக்கும். மனத்தின் சமநிலையை அளக்காது. நின்ற பேருந்தின் முன்னே யார் இருப்பார் என்னும் வினா அத்திடலில் எழுவதேயில்லை. அவ்வினாவைக் கேட்கவேண்டியவர்கள் பெற்றோரும் ஆசிரியருமே.

பேருந்து போதாத ஊர்களிலிருந்து வரும் மாணவர்க்கும், படித்துக்கொண்டே மாலையில் உணவுப் பொட்டலம் கொண்டுசேர்த்துக் குடும்பத்தைத் தாங்கும் மாணவர்க்கும் இருசக்கர வண்டி ஆடம்பரமன்று, வாழ்வின் கருவி. "வண்டியை விடுங்கள்" என்று அவர்க்கு அறிவுரை கூறுவது எளிது, பயனற்றது. கருவியைக் கையாளும் அறிவை அளிப்பதே நம் கடமை. ஆண்டின் தொடக்கத்தில் புதிய மாணவர்க்கு நூலகத்தை அறிமுகப்படுத்துவதுபோல், ஒரு பிற்பகலைச் சாலை அறிவுக்கு ஒதுக்கலாம். கல்லூரிக்கு வரும் வழியில் உள்ள இடர்மிகு இடங்களை மூத்த மாணவரே வரைபடமாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். நம் திடலிலேயே இரு தடைகளையும் சேர்த்து அழுத்தப் பழக்கலாம். தாமதமாக வருவோரைத் தண்டிக்கும் விதியை, அவர்கள் எவ்வாறு வருகின்றனர் என்பதையும் எண்ணி நாம் திருத்திக்கொள்ளலாம்.

இறுதியாகக் கூறியதை நான் முதலில் செய்துவிட்டேன். என் முதல் மணி வகுப்பின் கதவு இப்போது அடைக்கப்படுவதில்லை. தாமதமாக வருபவர் ஓசையின்றிப் பின்வரிசையில் அமர்ந்துகொள்ளலாம். இதனால் ஒழுங்கு குலையும் என்று உடன்பணிபுரிவோர் சிலர் கருதினர். வருகை சற்றும் குறையவில்லை என்பதே என் பட்டறிவு.

மாணவச் செல்வங்களே, வீரம் என்பது இடரை நோக்கி விரைவதன்று. இடர் எங்கே மறைந்திருக்கின்றது என்று முன்னரே அறிந்து, அதற்கு வழிவிட்டுச் செல்வதே அறிவு. நாளைக் காலை உங்கள் வழியில் ஒரு பேருந்து நின்றிருக்கும். விரலைத் தடையின் மேல் வைத்து, வேகத்தைக் குறைத்து, அதன் முன்னே ஒரு மூதாட்டி வருகின்றார் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான நாள்களில் எவரும் வரமாட்டார். வரும் ஒரு நாளுக்காகவே அவ்வெண்ணம் வேண்டும். வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் வரவேற்க ஆசிரியர் காத்திருப்பார். வீட்டில் தாயும் காத்திருப்பார்.