நாற்காலி காலியாகும் முன்னே

1976 செப்டம்பர் இறுதியில், பருவம் முடிய நான்கே ஆட்டங்கள் இருந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் அணியின் மேலாளர் வால்ட்டர் ஆல்ஸ்டன் விலகினார். 23 பருவங்கள், 2,040 வெற்றிகள், பருவ இறுதியில் இரு லீக் வெற்றியாளர்கள் மோதும் வேர்ல்ட் சீரிஸில் நான்கு பட்டங்கள். இத்தனை பெரிய மனிதர் போனால் அணி நிலைகுலையும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். ஆனால் எஞ்சிய அந்த நான்கு ஆட்டங்களிலேயே அவருடைய உதவியாளர் டாமி லசோர்டா பொறுப்பேற்றுவிட்டார். அடுத்த இரண்டு ஆண்டுகளும் அணி லீக் பட்டம் வென்றது.

கிரிக்கெட்டில் ஆடுகளத்தில் நிற்கும் கேப்டன் எடுக்கும் முடிவுகளில் பெரும்பாலானவற்றை பேஸ்பாலில் மேலாளர் எடுக்கிறார். யார் ஆடுவது, எந்த வரிசையில் மட்டை பிடிப்பது, பந்து வீசுபவரை எப்போது மாற்றுவது எல்லாம் அவர் கையில். பருவத்துக்கு 162 ஆட்டங்கள். அநேகமாக நாள்தோறும் ஒரு தேர்வு. அதனால்தான் ஒரு மூத்த மேலாளர் விலகும்போது அமெரிக்க நகரங்களில் அது ஊர்ச் செய்தியாகிறது. அடுத்தவர் யார் என்று ஊரே பேசுகிறது. அந்தக் கேள்விக்கான விடை பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டிருக்கும், அல்லது எழுதாமல் விடப்பட்டிருக்கும் என்பதே ஒரு நூற்றாண்டு வரலாறு நமக்குச் சொல்வது.

எழுதாமல் விட்டதற்குப் பெரிய சான்று ஃபிலடெல்ஃபியா அத்லெடிக்ஸ். கானி மேக் அந்த அணியை 1901 முதல் 1950 வரை நடத்தினார். ஐந்து முறை வேர்ல்ட் சீரிஸ் வென்றார். அவருடைய 3,731 வெற்றிகளை இன்றுவரை எவரும் எட்டவில்லை. அவரே உரிமையாளர்களில் ஒருவர் என்பதால் அவரைப் போகச் சொல்ல ஆளில்லை. 1930க்குப் பிறகு ஒரு வேர்ல்ட் சீரிஸ் பட்டமும் வராத இருபது ஆண்டுகள் அதே நாற்காலியில் இருந்தார். கடைசிப் பருவத்தில் அணி 102 ஆட்டங்களில் தோற்றுக் கடைசி இடத்துக்குப் போனது. 87 வயதில் அவர் விலகிய பின் நான்கே ஆண்டுகளில் அத்லெடிக்ஸ் ஊரைவிட்டே கான்சஸ் சிட்டிக்குப் போய்விட்டது.

நியூயார்க் ஜயன்ட்ஸின் மேலாளர் ஜான் மெக்ரா வேறு வழி போனார். முப்பது ஆண்டுகள் ஆண்ட பின், 1932 ஜூன் மாதம், பருவத்தின் நடுவிலேயே விலகினார். தன் இடத்துக்கு அவர் கைகாட்டியது அணியின் வீரர் பில் டெர்ரியை. இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோயிருந்த காலம் அது. தன்னோடு முரண்பட்டவர் என்பதை ஒதுக்கிவைத்து, ஆட்டம் தெரிந்தவர் என்பதை மட்டும் பார்த்தார். மறு ஆண்டே டெர்ரியின் தலைமையில் ஜயன்ட்ஸ் வேர்ல்ட் சீரிஸ் வென்றது. மெக்ராவின் கடைசிப் பெரிய முடிவு அது. அவருடைய மிகச் சிறந்த முடிவுகளில் ஒன்றும் அதுவே.

டாட்ஜர்ஸ் செய்தது இதைவிடப் பெரிது. தனி மனிதரின் பெருந்தன்மையை நம்பியிராமல், மேலாளர்களை வளர்ப்பதை நிறுவனத்தின் பழக்கமாகவே ஆக்கினார்கள். ஆல்ஸ்டன் உச்ச மட்டமான மேஜர் லீக்கில் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். ஆனால் டாட்ஜர்ஸின் கிளை அணிகளில் படிப்படியாக வளர்ந்தவர். 1946இல் நாஷுவா அணியில் ராய் கேம்பனெல்லா, டான் நியூகம் என்ற இரு கறுப்பின வீரர்களை நடத்தினார். கறுப்பின வீரரான ஜாக்கி ராபின்சன் மேஜர் லீக்கில் நிறத்தடையை உடைத்தது அதற்கடுத்த ஆண்டுதான். பிறகு மான்ட்ரியல் கிளை அணிக்குப் போனார். அங்கே அவருக்குக் கீழே பந்து வீசியவர்களில் ஒருவர் டாமி லசோர்டா.

1953இல் இரண்டாம் முறையாகத் தொடர்ந்து லீக் பட்டம் வென்ற டாட்ஜர்ஸின் அப்போதைய மேலாளர் சார்லி டிரெஸ்ஸன், பல ஆண்டு ஒப்பந்தம் கேட்டார். உரிமையாளர் வால்ட்டர் ஓ'மாலி மறுத்தார். ஆல்ஸ்டன் வந்தார், ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். அப்படியே 23 முறை கையெழுத்திட்டார். 1955இல், அணி அப்போது இருந்த புரூக்ளினுக்கு முதல் வேர்ல்ட் சீரிஸைத் தந்தார். லாஸ் ஏஞ்சலஸுக்கு அணி குடிபெயர்ந்த முதல் ஆண்டான 1958இல் ஏழாம் இடம். நீக்கவில்லை, மறு ஆண்டே பட்டம். 1962இல் கடைசிக் கட்டத்தில் ஜயன்ட்ஸிடம் கோட்டைவிட்டார். நீக்கவில்லை, மறு ஆண்டே பட்டம். 1967இல் எட்டாம் இடத்துக்குச் சரிந்தபோதும் அவரை வைத்துக்கொண்டார்கள். காகிதத்தில் ஓராண்டுதான் இருந்தது. நம்பிக்கைக்கு அவர்கள் கெடு வைக்கவில்லை.

அந்த ஆண்டுகளில் லசோர்டா கீழே உழைத்துக்கொண்டிருந்தார். மேஜர் லீக்கில் ஒரு வெற்றியும் பெறாத பந்துவீச்சாளர் அவர். ஆக்டன், ஸ்போகேன் போன்ற சிறு நகரக் கிளை அணிகளை நடத்தினார். ஸ்டீவ் கார்வி, டேவி லோப்ஸ், பில் ரஸ்ஸல், ரான் சே ஆகிய நால்வரும் அங்கே அவரிடம் ஆடியவர்கள். 1973 முதல் லசோர்டா ஆல்ஸ்டனின் உதவியாளரானார். நாற்காலி காலியானபோது புதியவருக்கு வீரர்களையும், வீரர்களுக்குப் புதியவரையும் அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. அந்த நால்வரோடுதான் 1981இல் அவர் வேர்ல்ட் சீரிஸ் வென்றார். 1988இல் மறுபடியும் வென்றார்.

இதே அணி பிறகு தன் பாடத்தை மறந்தது. 1996இல் மாரடைப்புக்குப் பின் லசோர்டா ஓய்வு பெற்றார். அவர் வளர்த்த பில் ரஸ்ஸலே வந்தார். 1998இல் ஓ'மாலி குடும்பத்திடமிருந்து அணி கைமாறியது. சில மாதங்களிலேயே ரஸ்ஸல் நீக்கப்பட்டார். 1954 முதல் 1996 வரை இருவர் மட்டுமே அமர்ந்த இடத்தில், அதன் பின் 2015 பருவம் வரை ஏழு பேர் அமர்ந்தார்கள். 1988க்குப் பிறகு அடுத்த பட்டத்துக்கு 32 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

வெளியிலிருந்து வருபவர் வெல்வதில்லை என்று இதற்குப் பொருளில்லை. 2016இல் பொறுப்பேற்ற டேவ் ராபர்ட்ஸ் வேறு அணியின் பயிற்சியாளராக இருந்து வந்தவர்தான். 2017, 2018 இரு ஆண்டுகளிலும் வேர்ல்ட் சீரிஸில் தோற்றார். வசைகளுக்கு நடுவே நிர்வாகம் பொறுத்தது. 2020இல் பட்டம் வந்தது. 2024இல் மீண்டும் வந்தது. ஆளை வளர்ப்பது முதல் கடமை என்றால், வந்த ஆளைத் தோல்வியிலும் தாங்குவது இரண்டாவது. இவற்றில் ஒன்றையேனும் செய்யாத அணிக்கு எத்தனை பெரிய பெயரைத் தேடிப் பிடித்தாலும் பயனில்லை.

மூத்தவர் விலகும் நாளில் பெயர்ப் பட்டியல் போடும் உரிமையாளர்கள் முதலில் தங்களையே கேட்டுக்கொள்ளட்டும்: கடந்த பத்து ஆண்டுகளில் யாரை வளர்த்தோம்? வரப்போகிறவர் முதல் ஆண்டு தோற்றால் தாங்குவோமா? இதற்கு நேர்மையான பதில் இல்லாதவர்கள் தேடலைத் தள்ளிப்போட்டு, முதலில் தங்கள் வீட்டைச் சீர்செய்வதே நல்லது.