பரணிலே உறங்கும் அட்டை

நாடி பிடிக்காமலே மருந்து கொடுப்பவனைப் போலி வைத்தியன் என்கிறோம். மண்ணின் நாடி பிடிக்காமலே மூட்டை மூட்டையாக யூரியா கொட்டுகிறோமே, அதற்கு என்ன பெயர், தோழர்களே?

2015-இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டம், மண்ணைச் சோதித்து 12 விவரங்களை எழுதித் தருகிறது. அட்டை வந்தது, பரணில் ஏறிற்று! பயன்?

இறக்குங்கள் அதை! முதலில் கார அமில நிலையைப் பாருங்கள். 7 என்றால் நடுநிலை. 5.5-க்குக் கீழே என்றால் மண் புளித்துவிட்டது. நீலகிரியிலே காணும் நிலை அது. அங்கே நீங்கள் இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் சிறைபிடிக்கும். காசு கொடுத்தவர் நீங்கள், பயிருக்கோ பட்டினி! சிறையை உடைப்பது சுண்ணாம்பு. எவ்வளவு? களிமண்ணுக்கு அதிகம், மணலுக்குக் குறைவு, சோதனைக்கூடத்தைக் கேளுங்கள். சுண்ணாம்பையும் யூரியாவையும் சேர்த்து இடாதீர்கள். தழைச்சத்து காற்றிலே பறந்துவிடும்.

8.5-க்கு மேலே என்றால், களர் நிலமா என்று கேளுங்கள். களருக்கு வேண்டியது ஜிப்சம், சுண்ணாம்பல்ல! அடுத்த வயல்காரர் போட்டார் என்று போடுவது அறிவாகுமா?

அடுத்து, தழை, மணி, சாம்பல் சத்துக்கள். 'குறைவு' என்றிருந்தால் கூட்டுங்கள். 'அதிகம்' என்றிருந்தால் குறையுங்கள். மிஞ்சுவது உரம் மட்டுமல்ல, கடன் வாங்கிய பணம்!

படிக்கத் தெரிந்த தோழரே, படிக்காத உழவர் வீட்டுத் திண்ணைக்குச் செல்க! அட்டையை விரித்து, வரி வரியாகப் படித்துக் காட்டுக! உரக்கடைக்கு அவர் புறப்படுமுன்னே அது நடக்கட்டும்!