மழை வந்தது; தண்ணீர் எங்கே?



தருமபுரிக்கு மழையே இல்லை என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். இது பாதி உண்மைதான். தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு. வடகிழக்குப் பருவமழையும் உண்டு. கோடை மழையையும் சேர்த்தால் ஓர் ஆண்டுக்குச் சராசரியாக 85 முதல் 90 செ.மீ. வரை பெய்கிறது. இது பாலைவனத்தின் கணக்கல்ல. அப்படியிருந்தும் நம் ஊர்ப் பெண்கள் ஏன் குடத்தோடு நிற்கிறார்கள்? நம் விவசாயி மகன் ஏன் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பஸ் ஏறுகிறான்?

மழை வரும் முறை மாறிவிட்டது. பெய்த மழையைப் பிடித்து வைக்கும் முறையை நாம் மறந்துவிட்டோம். இந்த இரண்டும்தான் காரணம்.

2016-ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 60 சதவீதத்திற்கும் மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அறிவிக்கப்பட்டன. அடுத்து 2024 டிசம்பரைப் பாருங்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து உள்நாட்டுக்குள் வந்தது. ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ., நமது அரூரில் 33 செ.மீ. மழை கொட்டியது. ஓர் ஆண்டு மழையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான மழையை ஒரே நாளில் எந்த நிலம் குடிக்கும்? வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும் என்கிறது விஞ்ஞானம். அதனால் காயும்போது அதிகமாகக் காய்கிறது. பெய்யும்போது பேயாகப் பெய்கிறது. ஆடிப்பட்டத்தை நம்பி விதைக்கும் மானாவாரி விவசாயி இரண்டுக்கும் நடுவே நசுங்குகிறான்.

வானம் பொய்த்தால் மனிதன் பூமியைத் துளைக்கிறான். கிணறு வற்றியது, ஆழ்துளைக் கிணறு வந்தது. அதுவும் வற்றியது, ஆயிரம் அடிக்கு இறங்கினோம். நம் மாவட்டத்தின் அடியில் இருப்பது கடும்பாறை. அந்தப் பாறையிலுள்ள ஃப்ளோரைடு தண்ணீரில் கரைந்து வருகிறது. ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. அந்த நீரைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை. பெரியவர்களுக்கு வளைந்த எலும்பு, நிமிர முடியாத முதுகு. இதற்காகத்தான் 1,928 கோடி ரூபாயில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013 மே மாதம் தொடங்கி வைக்கப்பட்டது. குடிக்கத் தண்ணீர் கிடைத்தது. வயலுக்கு?

2024 ஜூலை கடைசியில் ஒகேனக்கல்லில் நொடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கும் மேல் வெள்ளம் பாய்ந்தது. பரிசல்கள் நிறுத்தப்பட்டன. மேட்டூர் நிரம்பி வழிந்தது. காவிரி நம் மாவட்டத்தின் ஓரத்தில் பள்ளத்தில் ஓடுகிறது. நம் நிலமோ மேட்டில் இருக்கிறது. நீரேற்றாமல் ஒரு சொட்டும் மேலே வராது. அந்த உபரிநீரைக் கொண்டு ஏரிகளை நிரப்பக் கோரி, பாட்டாளி மக்கள் கட்சி அழைப்பு விடுத்து 2024 அக்டோபரில் அரைநாள் கடையடைப்பு நடந்தது. எந்தக் கொடியின் கீழ் கேட்டால் என்ன? கேட்பது நியாயம். தென்பெண்ணையின் உபரிநீரை எண்ணேகொல்புதூரிலிருந்து தும்பலஅள்ளிக்குக் கொண்டுவரும் கால்வாய்த் திட்டமும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை நாம் மறக்கவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறோம். ஆற்று நீர் வந்து சேர்ந்தாலும் ஏரியில் இடம் இருக்கிறதா? வரத்துக் கால்வாய் எங்கே? அதன்மேல் யாருடைய சுவர் எழுந்து நிற்கிறது? ஏரி தூர்ந்து கிடக்க, அரசாங்கத்தை மட்டும் ஏசிக்கொண்டிருந்தால் போதுமா?

வியாபாரிகளே! இது விவசாயியின் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். மழை தவறினால் உங்கள் கல்லாவும் காலி. காய வைத்த புளியில் பருவம் தவறிய மழை பட்டால் கறுத்துப் போகிறது. மாம்பூ வெயிலில் கருகினால் மண்டியில் கூடை இல்லை. பாலக்கோடு தக்காளியின் கதை உங்களுக்குத் தெரியாததா? 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது. இன்னொரு பருவத்தில் பறிப்புக் கூலிக்கும் கட்டாமல் அதே தக்காளி சாலையில் கொட்டப்படுகிறது. விளைச்சல் கெட்ட ஆண்டில் முன்பணத்தைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்பது வியாபாரமல்ல, அநியாயம். இன்று அந்த விவசாயியை ஊரைவிட்டு ஓடச் செய்தால், நாளை உங்கள் கடைக்கு யார் சரக்குக் கொண்டு வருவார்?

நம் முன்னோர் கேழ்வரகும் சாமையும் விதைத்தது வறுமையால் மட்டுமல்ல. இந்த மண்ணையும் மழையையும் அறிந்ததால். 2023 மே மாதம் பாப்பாரப்பட்டியில், ரேஷன் கடையில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கப்பட்டது. சிறுதானியத்தை வாங்கிச் சந்தைப்படுத்த நம் வணிகர்களும் முன்வரலாமே!

இளைஞர்களே! உங்களுக்கு வேலை இருக்கிறது. உங்கள் ஊர் ஏரியின் பரப்பு, வரத்துக் கால்வாய், மதகு ஆகியவற்றின் நிலையை எழுதி எடுங்கள். கிராம சபையில் எழுந்து பேசுங்கள். தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். மனுவோடு நின்றுவிடாமல் பின்தொடருங்கள். ஏரி எல்லாச் சமூகத்தாருக்கும் பொது. ஊரோடு சேர்ந்து மண்வெட்டி பிடியுங்கள்.

மழைநீர் சேகரிப்பைத் தமிழக அரசு கட்டாயமாக்கியது 2003-இல். நம் பள்ளிவாசல் மாடியில் விழும் மழை எங்கே போகிறது என்று இந்த வாரமே மேலே ஏறிப் பாருங்கள். ஒளுச் செய்த நீர் எங்கே ஓடுகிறது? மைதானத்தில் கூடி மழை வேண்டித் தொழுதுவிட்டு, வந்த மழையைச் சாக்கடையில் விடுவது எந்த வகையில் நன்றி?

அடுத்த பருவமழைக்கு முன் ஒரு மஹல்லாவுக்கு ஓர் உறிஞ்சு குழியாவது தயாராகட்டும்! ஓர் ஊருக்கு ஒரு கால்வாயாவது திறக்கட்டும்!