ஆணியைப் பிடுங்கலாமா?

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதா? இருந்தால் அதன் இருக்கைக்கு அடியிலோ பக்கவாட்டு மூடிக்குள்ளோ ஒரு சிறு கருவிப் பையைத் தேடிப் பாருங்கள். பல வீடுகளில் அது வண்டி வாங்கிய நாளில் இருந்தபடியே, பிரிக்கப்படாமல் கிடக்கும். வழியில் வண்டி நின்றால் அந்தப் பை காப்பாற்றும் என்று பெரியவர்கள் நம்புகிறார்கள். இது ஆயத்தம் அல்ல, வெறும் நம்பிக்கை என்பது என் கருத்து. பகல் வெளிச்சத்தில் வீட்டு வாசலில் ஒருமுறைகூடக் கையாண்டு பார்க்காத கருவி, இரவு பத்து மணிக்கு நடுவழியில் உதவாது.

கியர் வண்டி ஓட்ட 18 வயது ஆக வேண்டும். ஆகவே நீங்கள் இப்போது ஓட்டப்போவதில்லை. ஆனால் வண்டியை ஆயத்தமாக வைக்கும் வேலையை உங்களிடம் ஒப்படைக்கலாம் என்பேன். அதற்கு வேண்டிய அழுத்தம், வெப்பம், எரிதல், மின்சுற்று எல்லாம் உங்கள் பாடப்புத்தகத்தில்தானே இருக்கின்றன?

முன்பு ஸ்கூட்டர் வைத்திருந்தவர்களுக்குப் பஞ்சர் கவலை குறைவு. முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே அளவு என்பதால், உடன் எடுத்துச் செல்லும் ஒரே 'ஸ்டெப்னி' இரண்டுக்கும் பொருந்தியது. இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் ஸ்டெப்னி என்றொரு தெரு உண்டு. 1904இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் மோட்டார் கார்களுக்கு உபரிச் சக்கரம் செய்து விற்றார்கள். அந்தத் தெருவின் பெயர் நம் ஊர்ப் பஞ்சர் கடை வரை வந்து சேர்ந்துவிட்டது! மோட்டார் சைக்கிளிலோ இரு சக்கரங்களும் பெரும்பாலும் வெவ்வேறு அளவு. பின்சக்கரத்தைக் கழற்றினால் சங்கிலியையும் விடுவிக்க வேண்டும். உபரிச் சக்கரத்துக்கு அங்கே வழியில்லை.

ஆகவே முதலில், உங்கள் வண்டி டயருக்குள் ட்யூப் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ளுங்கள். கம்பிச் சக்கரமானால் பெரும்பாலும் ட்யூப் இருக்கும். கம்பிகள் ரிம்மைத் துளைத்துச் செல்வதால், ட்யூப் இல்லாவிட்டால் அத்துளைகளின் வழியே காற்று போய்விடும். ட்யூப் உள்ள டயரில் முள் ஏறினால் காற்று விரைவில் இறங்கும். அப்படியே ஓட்டினால் ட்யூப் உள்ளே இழுபட்டு, காற்றடிக்கும் மௌத் அடியோடு பிய்ந்துவிடும். ஓர் ஒட்டில் முடிய வேண்டியது புது ட்யூப் செலவில் போய் முடியும். ஒட்டுப் போட்டபின், டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். குற்றவாளி முள் அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

ட்யூப் இல்லாத டயரின் கதையே வேறு. அதன் ரப்பர் ஆணியைச் சுற்றி இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் காற்று மெதுவாகத்தான் கசியும். ஆணியைக் கண்டதும் பிடுங்கி எறியத்தான் கை துடிக்கும். பிடுங்கினால் துளை திறந்துகொள்ளும், டயர் அங்கேயே உட்கார்ந்துவிடும். துளையை அடைக்கும் பிசுபிசுப்பான ரப்பர் திரி கையில் இல்லாதவரை ஆணியைத் தொடாதீர்கள். காற்று நிரப்பிக்கொண்டு மெதுவாகக் கடைக்குப் போகலாம். திரி இருந்தால் மட்டும் போதாது, செருகிப் பழக வேண்டும். பஞ்சர் கடையில் தேய்ந்த டயர் ஒன்றைக் கேட்டு வாங்கி, ஆணி அடித்து, பிடுங்கி, திரியைச் செருகிப் பாருங்கள். அதற்கு எவ்வளவு பலம் வேண்டும் என்பதை எந்தப் புத்தகமும் உங்களுக்கு உணர்த்தாது. தரையில் படும் பகுதியில்தான் திரி நிற்கும். பக்கச் சுவரில் ஏற்பட்ட கிழிசலுக்கு உதவாது.

காற்றழுத்தத்தைப் பற்றி ஒரு கணக்கு. காலையில் 30 டிகிரி செல்சியஸில் டயர் அளவி 28 பவுண்டு காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இது வெளிக்காற்றுக்கு மேற்பட்ட அழுத்தம். வெளிக்காற்றின் 14.7 பவுண்டையும் சேர்த்தால் மொத்தம் 42.7. வெயிலில் நெடுந்தூரம் ஓடி டயர்க் காற்று 60 டிகிரிக்குச் சூடேறினால்? கெல்வினில் 303 என்பது 333 ஆகிறது. கன அளவு ஏறக்குறைய மாறாததால் அழுத்தமும் அதே விகிதத்தில் ஏறி 46.9 ஆகும். 14.7ஐக் கழித்தால் அளவி காட்டுவது 32! இதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் தொய்ந்திருக்கும். தொய்ந்த டயர் ஒவ்வொரு சுழற்சியிலும் அதிகமாக நசுங்கி நிமிர்ந்து சூடேறும், பள்ளத்தில் ரிம் அடிபடும். எனவே வண்டி ஆறியிருக்கும் காலை வேளையிலேயே அளந்து, கையேட்டில் உள்ள அளவுக்கு நிரப்ப வேண்டும். வாரம் ஒருமுறை நீங்களே செய்யலாம்.

"தெருவுக்குத் தெரு மெக்கானிக் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. மெக்கானிக்கின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தொலைபேசியில் அவரை அழைத்து "வண்டி நின்றுவிட்டது" என்று மட்டும் சொன்னால் அவர் எதை எடுத்துக்கொண்டு வருவார்? எஞ்சினுக்குப் பெட்ரோல், காற்று, பொறி மூன்றும் வேண்டும். "பெட்ரோல் இருக்கிறது, எஞ்சின் சுழல்கிறது, பற்றவில்லை" என்றோ, "ஹாரன்கூட அடிக்கவில்லை, ஃபியூஸ் போயிருக்கலாம்" என்றோ சொன்னால் அவர் பாதி வேலையை முடித்த மாதிரி. சில சமயம் கைப்பிடியருகே உள்ள சிவப்பு நிறுத்துவிசையில் யாரோ கை பட்டிருக்கும், அவ்வளவுதான்!

இன்னொன்று, எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது: வண்டியைச் சாலையின் இடப்பக்கம், தாரை விட்டு முழுவதும் கீழே இறக்குங்கள். பழுதைப் பார்க்கும் ஆவலில் வண்டியின் பின்னால் கூடி நின்று, பின்விளக்கை மறைக்காதீர்கள். பின்னால் வரும் லாரிக்காரருக்குத் தெரிவது அந்தச் சிவப்பு ஒளி ஒன்றுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு அந்தப் பையைப் பிரியுங்கள். எந்த ஸ்பானர் எந்த நட்டுக்குப் பொருந்துகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றுவதானால் எஞ்சின் நன்றாக ஆறட்டும். அளவி, கால் பம்பு, ரப்பர் திரி, ஓர் உபரி ஃபியூஸ், ஒரு டார்ச் விளக்கு ஆகியவை பையில் இருக்காது. அவற்றை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.