நம்பர் தெரிகிறது, டிரைவர் தெரியவில்லை

ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் ஒரு மோட்டார் வண்டி தெருத்தெருவாகச் சுற்றுகிறது. அதன் கூரைமேல் காமிராக்கள். ஓரத்தில் நிற்கும் வண்டிகளின் நம்பரை ஓடுகிற ஓட்டத்திலேயே படித்து, கட்டணம் கட்டாதவர் யார் என்று கண்டுபிடித்துவிடும். ஆம்ஸ்டர்டாமிலும் பாரிஸிலும் இது பல வருஷப் பழக்கம்.

நம் நாட்டிலும் இதற்குச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்திய மத்திய சர்க்கார், 2021 ஆகஸ்டில் 167-ஏ என்ற விதியைக் கொண்டுவந்தது. நம்பர் படிக்கும் காமிராவின் சாட்சியத்தை வைத்தே அபராதம் போடலாம் என்பது அந்த விதி. கூடாத இடத்தில் வண்டியை நிறுத்துவதும் அந்தக் குற்றப் பட்டியலில் உண்டு. சென்னை அண்ணா நகர்ச் சந்திப்புகளில் 2019லேயே இத்தகைய காமிராக்கள் கம்பங்களில் ஏறிவிட்டன. கம்பத்திலிருந்து இறங்கிச் சக்கரம் கட்டிக்கொள்ள எத்தனை நாள் ஆகும்?

அண்ணா நகரில் காரை நிறுத்திவிட்டுத் துணிக்கடைக்குள் போகும் கனவானும், எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் டிரெய்லரோடு நிற்கும் டிரைவரும் யந்திரத்துக்கு ஒன்றுதான். இருவரும் அதற்கு வெறும் நம்பர்.

அந்த டிரைவர் ஏன் நிற்கிறார்? ஆசைப்பட்டா? ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர், எண்ணூர், மணலி வரை வண்டிகள் வரிசை கட்டி நிற்பது துறைமுக வாயில் நகராததால். குளிக்க இடமில்லை, கக்கூஸ் இல்லை. வண்டிக்கு அடியிலேயே சமையல், அங்கேயே தூக்கம். பலருக்கு டிரிப்புக்குத்தான் கூலி. காத்துக்கிடக்கும் நேரத்துக்குக் காசில்லை. துறைமுகம் முதல் மதுரவாயல் வரை மேம்பாலச் சாலை போடுவதாக 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். 2012ல் வேலை நின்றது. அரைகுறைத் தூண்கள் கூவத்தில் ஆண்டுக்கணக்கில் நின்றன. 2022 மே மாதம் அதற்கே இன்னொரு அடிக்கல்! அந்தத் தூண்களுக்கு யார் அபராதம் போட்டார்கள்?

மந்தைவெளியை மிராசுதார் வளைத்துக்கொள்வார்; மேய இடமில்லாமல் வரப்பில் வாய் வைத்த மாட்டைப் பவுண்டில் அடைத்து, மாட்டுக்காரனிடமே தண்டம் வாங்குவார்கள். கிராமத்துத் தோழர்களுக்கு இந்த நியாயம் நன்றாகத் தெரியும்.

1988ம் ஆண்டுச் சட்டத்தில் 177ம் பிரிவின் அபராதம் முதல் தடவைக்கு 100 ரூபாய். இன்று அது 500. மறுபடி செய்தால் 1,500. யந்திரம் நோட்டீஸ் அனுப்புவது பதிவுப் புத்தகத்தில் பெயர் உள்ள முதலாளிக்கு. முதலாளி கையைச் சுட்டுக்கொள்வாரா? டிரைவரின் பேட்டாவில் பிடிப்பார். காவலரிடமாவது "ஐயா, வாயில் திறக்கவில்லை" என்று சொல்லலாம். காமிராவிடம் என்ன சொல்வது?

இந்த வேலை காண்டிராக்டருக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் பாரிஸே சாட்சி. 2018ல் அந்த நகரசபை பார்க்கிங் சோதனையைத் தனியார் கம்பெனிகளிடம் கொடுத்தது. சில மாதங்களிலேயே ஒரு கம்பெனியின் குட்டு வெளிப்பட்டது: கணக்குக் காட்டுவதற்காக, பார்க்காத வண்டிகளையும் பார்த்ததாகப் பொய்ப் பதிவு செய்திருந்தார்கள்.

அதற்காக டிரெய்லர்கள் எங்கு வேண்டுமானாலும் நிற்கட்டும் என்பதல்ல நம் வாதம். இரவு ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும் தொழிலாளி, இருட்டில் விளக்கில்லாமல் நிற்கும் டிரெய்லரில் மோதிச் சாகிறான். அவனும் நம்மவன்தான். அதனாலேயே கேட்கிறோம்: விளக்கும் தண்ணீரும் கக்கூஸும் உள்ள நிறுத்துமிடத்தைத் துறைமுக நிர்வாகம் முதலில் கட்டட்டும். வாயில் தாமதத்தால் நிற்கும் வண்டியின் அபராதம் டிரைவர் கூலியில் பிடிக்கப்படக்கூடாது. சோதனை வேலை எந்தக் காண்டிராக்டருக்கும் போகக்கூடாது.

டிரைவர் தோழர்கள் இன்றே ஒன்று செய்யலாம். வரிசையில் சேர்ந்த நேரத்தையும் வாயிலுக்குள் நுழைந்த நேரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். கூலியில் பிடித்தம் வந்தால், அந்த நோட்டோடு சங்க ஆபீசுக்கு வாருங்கள்.