பாலம் திறந்தாச்சு. ரயில் எங்கே?

சொந்தங்களே, இதை முழுசாப் படிங்க. படிச்சிட்டு ஷேர் பண்ணுங்க.

2025 ஏப்ரல் 6. பாம்பன் புதுப் பாலத்தைப் பிரதமர் திறந்து வெச்சார். செலவு சுமார் 550 கோடி. நாட்டிலேயே கடல் மேல கட்டின முதல் செங்குத்துத் தூக்குப் பாலம். டிரோன் வீடியோவை நாமளும்தான் பார்த்து ரசிச்சோம். அதைக் கட்டின இன்ஜினியர்களுக்கும், உப்புக்காத்துல நின்னு வேலை பார்த்த தொழிலாளர்களுக்கும் ஒரு பெரிய சல்யூட். நம்ம கேள்வி அவங்ககிட்ட இல்லை. டெல்லிகிட்ட.

பாலத்தைப் பார்க்க ஆசையா இருக்கு, சரி. அதுமேல உள்ளூர்க்காரன் ஏறிப்போக ரயில் எத்தனை?

கொஞ்சம் பின்னாடி போவோம். 1914-ல ரயில் பாலம் வந்துச்சு. ரோட்டுப் பாலம் வந்தது 1988-ல. நடுவுல 74 வருஷம், தீவுல இருந்து நிலத்துக்கு வர ரயிலை விட்டா படகுதான். 1964 டிசம்பர் புயல்ல தனுஷ்கோடி அழிஞ்சது, ரயில் பயணிகளோட கடலுக்குள்ள போச்சு, பாலமும் சிதைஞ்சது. இ.ஸ்ரீதரன் தலைமையில 46 நாள்ல பாலத்தைச் சரிபண்ணி மறுபடி ரயில் விட்டாங்க.

இப்போ என்ன நடந்துச்சு? புதுப் பாலத்துக்கு அடிக்கல் 2019 மார்ச். பழைய பாலம் தாங்காதுன்னு 2022 டிசம்பர் 23-ல இருந்து ரயிலை நிறுத்துனாங்க. 2025 ஏப்ரல் வரைக்கும், 27 மாசம், ராமேஸ்வரத்துக்கு ரயிலே கிடையாது. மண்டபத்துலயும் ராமநாதபுரத்துலயும் மக்களை இறக்கி விட்டாங்க. மூட்டை முடிச்சோட, கைக்குழந்தையோட பஸ் மாறிப் போனது யாரு? நாமதான்.

பழுது பார்க்கிறதும் புதுசாக் கட்டுறதும் ஒண்ணு இல்லை, தெரியும். ஆனா அந்த 46 நாள்ல இருந்த அவசரம் இந்த 27 மாசத்துல எங்கே போச்சு?

சரி, பாலம் வந்துடுச்சு. திறப்பு விழா அன்னைக்கு என்ன ரயில் விட்டாங்க? ராமேஸ்வரம் - தாம்பரம் எக்ஸ்பிரஸ். நல்லது, வரவேற்கிறோம். ஆனா அது காரைக்குடி, திருவாரூர் வழியா சென்னை போற வண்டி. மதுரைப் பக்கமே போகாது. மதுரை பெரியாஸ்பத்திரிக்குப் போற நோயாளிக்கும், காலேஜ் போற பிள்ளைக்கும், மீன் கூடையோட சந்தைக்குப் போற அக்காவுக்கும் தேவை முன்பதிவில்லாத பயணிகள் ரயில். அந்த வண்டியை இன்னைக்கும் விரல் விட்டு எண்ணிடலாம்.

"பஸ் இருக்குல்ல?"ன்னு கேட்பாங்க. இருக்கு. ஆனா ஏழைக்குக் கட்டுப்படியாகிற டிக்கெட் பாசஞ்சர் ரயில்லதான். அதுலயும் கை வெச்சாங்களே! கொரோனா காலத்துல பாசஞ்சரை எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்னு பேர் மாத்தி, 10 ரூபாய் குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ஆக்குனாங்க. மறுபடி 10 ஆனது 2024 பிப்ரவரி கடைசியில. அடுத்த மாசம் தேர்தல் அறிவிப்பு. கணக்கை நீங்களே போட்டுக்கோங்க.

இன்னொரு டெக்னிக்கல் பாயிண்ட். புதுப் பாலத்தோட அடித்தளம் ரெட்டைப் பாதைக்கே வடிவமைச்சது. மேல போட்டிருக்கிற தண்டவாளம் ஒண்ணே ஒண்ணு. மானாமதுரையில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ஒத்தைப் பாதைதான். எதிர் வண்டி வந்தா ஸ்டேஷன்ல காத்துக் கிடக்கணும். பாலத்துல 75 கிலோமீட்டர் வேகத்துக்கு அனுமதி வாங்கிட்டு, கிராசிங்ல அரை மணி நேரம் நின்னா அந்த வேகத்தால யாருக்கு லாபம்?

நம்ம கோரிக்கை நாலு:

1. மதுரை - ராமேஸ்வரம் முன்பதிவில்லா ரயில்களைக் கூட்டணும். காலையில ஆபீஸ், காலேஜ், ஓ.பி. நேரத்துக்கு மதுரை போய்ச் சேரணும். சாயங்காலம் வேலை முடிச்சுத் திரும்பவும் வண்டி வேணும்.

2. சத்திரக்குடி, வாலாந்தரவை, உச்சிப்புளி, மண்டபம் கேம்ப்னு சின்ன ஊர்க்காரங்களுக்கும் உபயோகப்படுற மாதிரி நிறுத்தமும் நேரமும் வேணும்.

3. மானாமதுரை - ராமேஸ்வரம் இரட்டைப் பாதை.

4. ராமநாதபுரம் - தூத்துக்குடி நேரடிப் பாதை. ஒரே கடற்கரையில இருக்கிற ரெண்டு ஊர். ஆனா ரயில்ல போகணும்னா மானாமதுரை வரைக்கும் உள்ள போய்ச் சுத்தணும்.

"லாபம் வராது"ன்னு பதில் வரும். அதுக்கு ஆதாரம் நம்ம கையிலதான் இருக்கு. எந்த ஸ்டேஷன்ல எத்தனை டிக்கெட் வித்துச்சுங்கிறதுதான் ரயில்வே பார்க்கிற முதல் கணக்கு. அதனால பத்து ரூபாய் தூரம்னாலும் டிக்கெட் எடுத்துட்டு ஏறுங்க. டிக்கெட் இல்லாமப் போற ஒவ்வொருத்தரும் "இந்த ஊர்ல ஆளே இல்லை"ன்னு எழுதிக் கொடுக்கிற மாதிரி.

கிளைக் கழகத் தோழர்கள் ஊர் வாரியா கையெழுத்து வாங்குங்க. மதுரை கோட்ட ரயில்வே மேலாளருக்கு ஒரு நகல், நம்ம தொகுதி எம்.பி.க்கு ஒரு நகல். கூட்டம், தாமதம், இருட்டான பிளாட்பாரம் எதுன்னாலும் 139-ல புகார் பண்ணி, அந்தப் புகார் எண்ணைக் கமெண்ட்ல போடுங்க. தொகுத்து அனுப்புற வேலை எங்களுது.

பாலம் வேடிக்கை பார்க்க இல்லை, தீவு மக்கள் போய்வர.

#பாம்பன்பாலம் #ரயில்எங்கே